ஒரு காலிப் பெட்டி

போன மாசம் ஆபீஸில் ஒரு புகார் வந்தது. எங்கள் மென்பொருள் அடித்துக்கொடுக்கும் பிடிஎஃப் ரசீதில் ₹500 என்று இருக்க வேண்டிய இடத்தில் ¹500 என்று வந்திருக்கிறது. ரூபாய்க் குறி காணாமல் போய், அதன் இடத்தில் அந்தரத்தில் தொங்கும் ஒரு குட்டி ஒன்று. வாங்கியவர் அதை ஆயிரத்து ஐந்நூறு என்று படித்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்.

காரணம் சின்னதுதான். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. ₹-இன் எண் 8377. ரசீது அடிக்கும் நிரல் பயன்படுத்திய பழைய எழுத்துருவிலோ 0 முதல் 255 வரைதான் இடம். 8377 அதற்குள் அடங்காது. அடங்காததை நிரல் வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டது. 8377-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 185. பழைய பட்டியலில் 185 என்ற எண்ணுக்குரிய எழுத்து ¹. நிரலைப் பொறுத்தவரை பிழையே நடக்கவில்லை. கேட்டதற்கு ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

"இதுக்குக் கட்டம் வந்திருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றான் பக்கத்து சீட் பையன். எழுத்துருவில் இல்லாத எழுத்துக்குப் பதிலாகக் கணினி காட்டும் அந்தக் காலிக் கட்டத்தைச் சொல்கிறான். எழுத்துருக்காரர்கள் அதை டோஃபு என்பார்கள், சோயா பாலில் செய்த வெள்ளைக் கட்டி மாதிரி இருப்பதால். கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பேர் வைத்ததே 'இனி டோஃபு வேண்டாம்' என்பதன் சுருக்கமாகத்தான்.

பையன் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு உடனே ஆமாம் சொல்ல வரவில்லை. கட்டம் சரியாக வந்து, அதை நான் தப்பாகப் படித்த கதை ஒன்று இருக்கிறது. பதிமூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத கதை.

*

2012. காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு பிரவுசிங் சென்டரில் சாயங்காலங்களில் உட்கார்ந்திருந்தேன். படிப்பு ஒரு பக்கம், இது கைச்செலவுக்கு. ஐந்து கம்ப்யூட்டர், எல்லாம் எக்ஸ்பி. ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். காலேஜ் பையன்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க வருவார்கள். மறைமலை நகர் கம்பெனிகளில் வேலைக்குப் போகிறவர்கள் பயோடேட்டா போட வருவார்கள். ஊர்க்காரர்கள் டிக்கெட், ஹால் டிக்கெட், பட்டா நகல் என்று வருவார்கள்.

ரூபாய்க் குறி அப்போது இரண்டு வயதுக் குழந்தை. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது. வரைந்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்தவர். தேவநாகரியின் 'ர' எழுத்தையும் ரோமன் எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரண்டு கோடு. மூன்று மாதத்தில், அக்டோபரில் வந்த யூனிகோட் 6.0-லேயே அதற்கு எண் கிடைத்துவிட்டது.

எண் கிடைத்தது. ஆனால் எண்ணை உருவமாகக் காட்ட அந்தந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துரு வேண்டுமே. அதற்குள் மங்களூர் கம்பெனி ஒன்று அவசரத்துக்கு ஒரு இலவச எழுத்துருவை வெளியிட்டது. கீபோர்டில் ஒன்றுக்கு இடதுபக்கம், யாரும் தொடாத ` என்ற சாய்கோட்டுச் சாவியில் ரூபாயை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் `250 என்று வரும். அந்த வருஷங்களின் கல்யாண மண்டப ரசீதுகளில், கல்லூரி நோட்டீஸ்களில் விலைக்கு முன்னால் ஒரு கொசு உட்கார்ந்த மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ரூபாய்தான். 2011-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 7-க்கு ஒரு அப்டேட் கொடுத்தது. எக்ஸ்பிக்குக் கிடைக்கவில்லை. எங்கள் கடை எக்ஸ்பியில்தான் ஓடியது. ஆகவே எங்களிடம் எல்லா ரூபாயும் கட்டம்.

அந்தக் கட்டங்களோடுதான் பெரியம்மா வந்தார். ரத்த உறவில்லை, பக்கத்துத் தெரு. அவர் மகள் சிங்கப்பூரில், எட்டு மாசம். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வர முடியாத நிலைமை, அதனால் இவர் போகிறார். முதல் விமானப் பயணம். மருமகன் மலிவு விலை விமானம் ஒன்றில் டிக்கெட் போட்டு மெயில் அனுப்பியிருந்தார். நான் அதை எடுத்து பிரிண்ட் போட்டேன்.

"கண்ணு, பொட்டி எவ்ளோ எடுத்துனு போலாம்னு பாத்து சொல்லு. மாப்ளகிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு."

கேபினுக்கு 7 கிலோ என்று தெளிவாக இருந்தது. கீழே இன்னொரு வரி. செக்-இன் பேகேஜ் 15 கிலோ, அப்புறம் ஒரு கட்டம், அப்புறம் 1,500. இப்படி:

செக்-இன் பேகேஜ் 15 கிலோ □ 1,500

நான் என்ன படித்தேன் என்று இப்போதும் நினைவிருக்கிறது. எத்தனையோ விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்த கை இது. கட்டத்தைப் பார்த்தால் கை தானாக டிக் போடும். இதுவும் டிக் போடுகிற கட்டம்தான், பிரிண்டில் டிக் விழவில்லை, 1,500 ஏதோ கோட் நம்பர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாக்கெட்டிலிருந்த நீலப் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்துக்குள் அழகாக ஒரு டிக் போட்டேன்.

"பதினஞ்சு கிலோ இருக்கு பெரிம்மா. தாராளமா எடுத்துட்டுப் போலாம்."

அது விளம்பர வரி. 1,500 ரூபாய் கட்டினால் 15 கிலோ தருகிறோம் என்று விமானக்காரர்கள் ஆசை காட்டும் வரி. அந்தப் பணத்தை யாரும் கட்டியிருக்கவில்லை.

மலிவு விமானத்தின் சூட்சுமமே அதுதான். டிக்கெட் விலையில் ஆளும் ஒரு சின்னப் பையும் மட்டும். பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு. முன்கூட்டியே கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் போய்க் கட்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கண்ணீர் வரவழைக்கும் இன்னொரு விலை. தெரிந்தவர்களுக்கு இது லாபம், தெரியாதவர்களுக்குக் கண்ணி. யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை, எல்லாம் தாளில் இருக்கிறது. தாளைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரியம்மாவுக்கு அந்த ஆள் நான்.

*

பெட்டியைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்து எடை பார்த்தோம். பதிமூன்றரை. "இன்னும் ஒன்றரை கிலோ கீது" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய் நெய் டப்பாவையும் வைத்தார். உள்ளே பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, பெருங்காயம், ஒரு தோசைக்கல், பிள்ளைக்குத் துணியாகக் கிழிக்கத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன இரண்டு பழைய வேட்டி, அவருடைய புடவைகள். லேகியத்தை மூன்று நாள் உட்கார்ந்து கிண்டியிருந்தார்.

பெரியப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். நான் கூடப் போனேன். காட்டாங்குளத்தூரில் ஏறினால் பத்தாவது ஸ்டேஷன் திரிசூலம். கூடுவாஞ்சேரியில் உட்கார இடம் கிடைத்தது, தாம்பரத்தில் கூட்டம் மூச்சு முட்டியது. பெட்டியை என் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்து, அண்ணா பன்னாட்டு முனையம் வரை அதைத் தூக்கிக்கொண்டு போனதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. டிக்கெட் இல்லாதவன் என்பதால் வாசலோடு நின்றுவிட்டேன். அவர் பாஸ்போர்ட்டையும் நான் டிக் போட்ட தாளையும் காட்டி உள்ளே போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து அதே வாசலில் பெரியம்மா நின்றார், பெட்டியோடு. காவலரிடம் கெஞ்சியிருப்பார் போல. பெட்டியை அவர் வாங்கி என் பக்கம் தள்ளினார்.

"வெய்ட்டு அதிகமாம்ப்பா. இத்த வூட்ல குடுத்துடு."

"பதினஞ்சுக்குள்ளதான பெரிம்மா இருந்துது?"

"அவுங்க மிஷின்ல அதிகமா காட்டுதாம். நீ போ, ட்ரெய்ன் போய்டப் போவுது."

பெட்டி கனமாகத்தான் இருந்தது. ராத்திரி ரயிலில் திறந்து பார்த்தேன். லேகியம், நெய், தோசைக்கல், புடவைகள். அவர் கையில் எடுத்துப்போன பையில் சுக்கும் பூண்டும் பழைய வேட்டிகளும் போயிருந்தன. பிள்ளைக்கானதை எடுத்துக்கொண்டு தனக்கானதை விட்டுவிட்டார். ஆனால் லேகியம்? அது ஒன்றரைக் கிலோதானே, எப்படியாவது பையில் திணித்திருக்கலாமே?

முடியாது என்பது பின்னால்தான் தெரிந்தது. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்டபின் வந்த விதி அது. பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் வைக்கும் திரவமோ களிம்போ, ஒவ்வொரு டப்பாவும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். லேகியமும் நெய்யும் அந்தக் கணக்கில் களிம்பு. கைப்பையில் பத்துக் கிலோ இடம் இருந்தாலும் ஏறாது. பெட்டிக்குள் மட்டும்தான் போகும். பெட்டிக்கோ நான் பேனாவால் காசு கட்டியிருந்தேன்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்த மெயிலை மறுபடி திறந்தேன். பக்கம் முழுக்கக் கட்டங்கள். டிக்கெட் விலைக்கு முன்னால் கட்டம், வரிக்கு முன்னால் கட்டம், மொத்தத் தொகைக்கு முன்னால் கட்டம். ஒரே ஒரு வரி மேலே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இது ரூபாய் என்று.

ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தார். சுகப்பிரசவம், பெண் குழந்தை. அந்த ஏழு கிலோவுக்குள் எனக்கென்று ஒரு கோடாலித் தைலம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிக்கொண்டேன். சொல்லவில்லை.

*

இந்த மாதிரித் தப்பைப் பெரிய படிப்பு படித்தவர்களும் செய்திருக்கிறார்கள். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 விமானம், 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. தேவைப்பட்டது 22,300 கிலோ. கணக்குப் போட்டவர்கள் கிலோவுக்குப் பதில் பவுண்டுக்கான எண்ணை வைத்துப் பெருக்கியிருந்தார்கள், பாதிகூட நிரம்பவில்லை. விமானி கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறக்கினார், யாரும் சாகவில்லை. எண் சரியாகவே இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய அலகுதான் ஒவ்வொருவர் தலையிலும் வேறாக இருந்தது. இது கிலோவா பவுண்டா என்று சந்தேகப்பட்டு, எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஒரு ஆள் போதுமாயிருந்தது.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட் இலச்சினையில் ₹-க்குப் பதில் 'ரூ' வந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. குறியை வரைந்ததே தமிழர்தானே என்றார்கள் ஒரு பக்கம், எங்கள் எழுத்தில் எழுத என்ன தடை என்றார்கள் மறுபக்கம். தமிழுக்கென்றே ௹ என்று ஒரு பழைய ரூபாய்க் குறி இருக்கிறது, கணக்குப்பிள்ளைகள் எழுதியது. 2003-லேயே யூனிகோடில் ஏறிவிட்டது, ₹-க்கு ஏழு வருஷம் மூத்தது. இதைப் படிக்கும் உங்கள் போனில் அது குறியாகத் தெரிகிறதா, கட்டமாகத் தெரிகிறதா என்று எனக்குத் தெரியாது. எந்தக் குறி நல்லது என்ற சண்டையில் எனக்குப் பெரிய கருத்தில்லை. பெரியம்மாவின் தாளில் 'ரூ' என்று இரண்டு சொட்டு மை விழுந்திருந்தால் அவரே படித்திருப்பார், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

ஆனால் பழியை எக்ஸ்பி மேல் போட்டுவிட முடியாது. அந்தக் கம்ப்யூட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தெரியாத எழுத்து வந்ததும், எனக்கு இது தெரியாது என்று காலிக் கட்டம் போட்டுக் காட்டியது. அதற்குள் டிக் போட்டது நான். எங்கள் ஆபீஸ் ரசீது நிரல் 8377-ஐ வெட்டி ¹-ஐ எடுத்துக் கொடுத்ததே, அதைத்தான் நானும் செய்தேன். தெரியாததை வெட்டிவிட்டுத் தெரிந்ததை எடுத்துக் கொடுத்தேன், தன்னம்பிக்கையோடு.

*

ரசீதுப் பிழையைச் சரிசெய்த அந்த வாரமே பெரியம்மா போன் செய்தார். அன்று பிறந்த பேத்தி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். உளுந்து மாவு, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய் எல்லாம் கொண்டுபோக வேண்டும், டிக்கெட் போட்டுக்கொடு என்றார். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி விலை வரும் பக்கத்தில் ₹ பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். கட்டம், பேனா, டிக், எல்லாம்.

அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"அதான் அங்கயே சொல்ட்டாங்களே. அந்தப் பொண்ணு தாளப் பாத்துட்டு, இது பேனாவுல போட்டது, யாருமா போட்டதுன்னு கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் வெய்ட்டு அதிகம்னு சொன்னீங்க?"

"பின்ன இன்னா சொல்லுவாங்க? அம்மாந்தூரம் பொட்டியத் தூக்கினு வந்த புள்ளையாண்ட."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு லேப்டாப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இருவது கிலோ போடு. மொதல்ல காசு கட்டு, அப்பறமா டிக் போடு."