பரணில் இருந்த பக்கங்கள்

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கின்ற பொழுது, அப்பக்கம் எங்கோ கடல் கடந்த தேசத்தில் இருந்தவாறே தன் முகத்தை நமக்குக் காட்டுவதாகப் பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்மை அதுவன்று. அதன் எழுத்தும் படமும் கம்பி வழியே நம் இல்லத்துக்கே வந்து சேருகின்றன. அப்படி வந்த பிரதியைத்தான் உலாவி என்னும் செயலி விரித்துக் காட்டுகிறது. காட்டி முடித்த பின்னரும் அதனை உடனே எறிந்துவிடாமல், கணினியின் ஒரு மூலையில் போட்டு வைக்கிறது. மறுமுறை அதே பக்கத்தைக் கேட்டால் தொலைதூரம் போய்வரும் வேலை மிச்சம் என்பதே அதன் கணக்கு. கணினி அறிந்தோர் இம்மூலைக்குக் 'கேஷ்' என்று பெயரிட்டுள்ளனர். நெல் அளந்த மரக்காலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து மணிகளை ஒத்தது அது. யாரும் அவற்றைச் சேமிப்பு என்று கருதுவதில்லை. ஆயினும் பஞ்ச காலத்தில் அந்த மணிகளும் கண்ணில் படும்.

நம் குடும்பத்தில் அத்தகைய ஒரு பஞ்சம் நேர்ந்தது. அதனைக் குறித்தே இங்கு எழுத முனைகிறோம்.

காயல்பட்டினத்திலிருந்து வந்து அஸ்தினாபுரத்தில் குடியேறிய குடும்பம் நம்முடையது. மூத்த காக்கா அவர்கள் மட்டும், ஊரார் பலரைப் போல், இரத்தினக்கல் வணிகத்தை முன்னிட்டு ஹாங்காங்குக்குச் சென்றுவிட்டார்கள். பகலில் கல்லைப் பார்ப்பதும் இரவில் தமிழைப் பார்ப்பதுமாக அவர்களது வாழ்நாள் அங்கே கழிந்தது. உம்மும்மா பாடிய தாலாட்டுகள், கலியாண வீட்டுப் பாட்டுகள், நம் பெண்டிர் அடுப்படியில் மட்டுமே புழங்கிய சொற்கள் ஆகியவற்றை ஊருக்கு வரும்போதெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டும், கேசட்டில் பதிந்துகொண்டும் செல்வார்கள். 2001ஆம் ஆண்டு முதல் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, கட்டணமின்றி இடம் தந்த ஓர் இணைய நிறுவனத்தின் தளத்தில் ஏற்றலானார்கள். முகப்பில் இருந்த அட்டவணைப்படி மொத்தம் 41 பக்கங்கள்.

2008இல் காக்கா அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த இலவசத் தளம் மூடப்பட்டது. மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு, இனி எவரும் திறவாத அவர்களது மின்னஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கும். குறிப்பேடுகளும் கேசட்டுகளும் அஸ்தினாபுரத்து இல்லத்தின் கீழ்த்தளத்தில், இரும்பு பீரோவின் அடித்தட்டில் பத்திரமாக இருந்தன. 2015 டிசம்பர் வரையில் இருந்தன. அம்மாதம் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஏரிகளுக்கு நடுவே எழுந்த நம் புறநகரில் அந்த நீர் எங்கே நுழைந்தது, எதனைக் கொண்டுபோனது என்பதை அன்று அங்கிருந்தோர் அறிவர். பேனா மையால் எழுதிய ஏடுகள் நீலச் சேறாயின. கேசட்டுகள் வெயிலில் காய்ந்த பின்னும் வாய் திறக்கவில்லை.

மிஞ்சியது பரண். பரணின் மேல், 2003 இறுதியில் பவர் சப்ளை எரிந்துபோனதால் ஏற்றி வைக்கப்பட்ட பழைய கணினி ஒன்று, போர்வைக்குள் இருந்தது.

அக்கணினியில் எதையேனும் தேடலாம் என்ற எண்ணம் லாத்தாவின் பேரனுக்குத்தான் முதலில் உதித்தது. பொறியியல் பயிலும் பிள்ளை. காரணமும் அவனே சொன்னான். அந்நாளில் இணையம் என்பது தொலைபேசிக் கம்பி வழியே, மோடம் கீச்சிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் காசு ஓடும் பண்டமாக இருந்தது. ஆகவே லாத்தாவின் மகன் காக்காவின் பக்கங்களை விறுவிறுவென்று திறந்துவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிடுவான். அதன் பிறகு உம்மா அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். இணைப்பில்லாமலே பக்கங்கள் திரையில் தோன்றியது எதனால்? அவை கேஷில் கிடந்ததனால். உம்மாவுக்காகவே அம்மூலையின் கொள்ளளவையும் அவன் கூட்டி வைத்திருந்தானாம். கணினி கெட்டு நின்றதனால் அப்புறம் எவரும் அதில் எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் புதியவை வந்து பழையவற்றைத் தள்ளியிருக்கும். பழுதே காவலாயிற்று என்பதை எண்ணும்போது வியப்பாகவே இருக்கிறது.

மீட்ட விதத்தையும் கூறிவிடுகிறோம். வேறு எவருக்கேனும் பயன்படலாம். பழைய கணினிக்கு உயிரூட்டி உலாவியைத் திறப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பேரன் அதனைத் தடுத்துவிட்டான். உலாவி விழித்தெழுந்தால், பழையதெனத் தான் கருதுவதைத் துடைக்கத் தலைப்படலாம். எனவே ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டை மட்டும் கழற்றி, ரிச்சி தெருவில் வாங்கிய ஓர் இணைப்பியின் வழியே புதிய கணினியோடு சேர்த்து, முழுத் தட்டுக்கும் ஒரு பிரதி எடுத்தான். தேடலெல்லாம் அப்பிரதியில்தான். மூலத்தை உறையிலிட்டு மூடிவிட்டோம். ஏட்டுச்சுவடி பதிப்பித்த நம் முன்னோர் கையாண்ட ஒழுங்கும் இதுவே அல்லவா?

அந்தக் காலத்து விண்டோஸில், 'தற்காலிக இணையக் கோப்புகள்' என்று பொருள்படும் பெயருடன் ஓர் உறை உண்டு. அதற்குள் பொருளற்ற எட்டு எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சிற்றுறைகள். அவற்றுள் பக்கங்களும் படங்களும் தத்தம் பெயரோடு, வாலில் ஓர் அடைப்புக்குறி எண்ணைச் சுமந்துகொண்டு கிடந்தன. எந்த முகவரியிலிருந்து எந்நாளில் எது வந்தது என்பதைக் குறிக்கும் பேரேடு ஒன்றும் உடன் இருந்தது. இன்றைய உலாவிகளில் காரியம் இத்தனை எளிதன்று. கூகுளின் குரோம் தன் கேஷில் பெரிய கோப்புகளுக்கு வெறும் வரிசை எண்ணையே பெயராக இடுகிறது. சிறியவற்றைப் பொதுப் பெட்டகங்களில் கலந்து அடைக்கிறது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ள சில பைட்டுகளைப் பார்த்தே இது படம், இது எழுத்து என்று இனம் காண வேண்டும். எழுத்தோ பெரும்பாலும் சுருக்கி மடிக்கப்பட்டிருக்கும். விரித்தால்தான் வாசிக்க இயலும். வங்கிப் பக்கங்களைப் போன்றவை, தம்மைச் சேமிக்கலாகாது என்ற கட்டளையோடே வருகின்றன. கைப்பேசியிலோ அந்த மூலையை எட்டிப் பார்ப்பதே அரிது. (குரோம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குரோம் லெதர் என்னும் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது நம் அண்டை ஊராகிய குரோம்பேட்டை. 2008இல் கூகுள் தன் உலாவிக்கு அப்பெயரைச் சூட்டியபோது, நம் வீட்டுப் பிள்ளைகள் ராயல்டி கேட்க வேண்டும் என்று சிரித்தார்கள்.)

கோப்புகள் கிடைத்தன; ஆனால் தமிழ் கிடைக்கவில்லை. திறந்து பார்த்தால், கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டமே வரிக்கு வரி நின்றது. யூனிகோடு பரவுவதற்கு முன், இணையத் தமிழ் ஒரே தமிழாக இல்லை என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகெங்கும் பரவிய தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம்; 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தாம், தாப் ஆகியவை இன்னொரு பக்கம்; இவற்றோடு ஒவ்வோர் இதழும் தனக்கெனச் செய்துகொண்ட எழுத்துருக்கள் வேறு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள்கூடப் பல ஆண்டுகள் திஸ்கியிலேயே வெளிவந்தன. எந்த எழுத்துருவில் அடித்தார்களோ அந்த எழுத்துரு நம்மிடம் இருந்தால்தான் தமிழ், இல்லையேல் அலங்கோலம். காக்கா அவர்கள் கையாண்டதும் திஸ்கிதான் என்று பேரன் கண்டுகொண்டான். இலவசமாகக் கிடைக்கும் மாற்றி ஒன்றில் இட்டு யூனிகோடாக்கிய அந்த மாலையில், உம்மும்மாவின் முதல் தாலாட்டு திரையில் எழுந்து நின்றது. வீட்டில் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

41 பக்கங்களில் கிடைத்தவை 19. ஏன் 19 என்ற வினாவிற்கான விடைதான் நம்மை நெடுநாள் உறுத்தியது. உம்மா அவர்கள் திறந்து வாசித்தவை 19. தாலாட்டுகள் அனைத்தும் இருக்கின்றன. கலியாணப் பாட்டுகளில் பாதி இருக்கிறது. காக்கா அவர்கள் மிகுந்த உழைப்போடு தொகுத்த அடுப்படிச் சொற்களின் அகராதியில் ஒரே ஒரு பக்கம்தான். உம்மாவுக்கு அந்தச் சொற்கள் தெரிந்தவையே, ஆதலால் அகராதியை அவர்கள் ஏன் புரட்ட வேண்டும்? காக்கா தம்மைப் பற்றி எழுதியதாக அட்டவணையில் காணப்படும் பக்கமும் இல்லை. மகனை அறியத் தாய்க்குக் குறிப்புரை தேவைப்படவில்லை போலும். எழுதியவர் வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோக, வாசித்தவர் கண்பட்டது மட்டும் எஞ்சிற்று.

உலக அளவிலும் கதை ஏறத்தாழ இதுவேதான். இலட்சக்கணக்கானோர் தம் சொந்தப் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26இல் மூடப்பட்டபோது, அதில் ஒரு பகுதியையேனும் காத்தவர்கள் இரவு பகலாகப் பிரதி எடுத்த தன்னார்வலர்களே. மைஸ்பேஸ் என்னும் தளம், 2016க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களை இடமாற்றத்தின்போது இழந்துவிட்டதாக 2019இல் தெரிவித்தது. அவ்வாறு மறைந்தவை ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள் என்பர். அவற்றுள் சுமார் 4,90,000 பாடல்கள், ஆய்வுக்கென எவரோ முன்னர் இறக்கி வைத்திருந்ததால் மீண்டன. 1996இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இணைய ஆவணகம், இயன்றவரை உலகத்துப் பக்கங்களைச் சேர்த்து வருகிறது. காக்காவின் தளத்தை அங்கும் தேடினோம், முகப்பு அட்டவணை மட்டும் அகப்பட்டது. தேடல் முடிவுகளின் அருகில் கூகுள் வைத்திருந்த கேஷ் பிரதிகளோ 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டன.

வேறொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேஷ் என்பது பிறருடைய வாசிப்பின் அந்தரங்கம். மர்ஹூமா உம்மா அவர்கள் எதை எதைப் பார்த்தார்கள் என்பது நாள்வாரியாகப் பேரேட்டில் இருந்தது. அனுமதியின்றி ஓர் அறைக்குள் நுழைவது போன்ற தயக்கம் நமக்கு ஏற்பட்டது. காக்காவின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு ஏனையவற்றை மூடிவிடுவதென்றே தீர்மானித்தோம். ஆனால் பிரித்தெடுக்கும்போதே சில கண்ணில் பட்டுவிட்டன. ஹாங்காங் வானிலை நிலையத்தின் சிறு சிறு படங்கள், அடுக்கடுக்காக. 2003 செப்டம்பரில் துஜுவான் புயலுக்கு அங்கே 9ஆம் எண் சமிக்ஞை ஏற்றப்பட்ட நாளின் படமும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டின் முற்பகுதியில் சார்ஸ் நோய் அந்நகரை உலுக்கியது. 1,755 பேரைப் பற்றி, 299 உயிர்களைக் கொண்டுசென்ற நோய் அது. அந்த நாட்களில் வெளியான எண்ணிக்கைப் பக்கங்கள், தேதி தவறாமல் கிடந்தன. ஜூன் 23இல் உலக சுகாதார நிறுவனம் ஹாங்காங்கை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது; அந்தச் செய்தியோடு அப்பக்கங்கள் நின்றுவிடுகின்றன. தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியா வாப்பா?" என்பதற்கு மேல் உம்மா அவர்கள் காக்காவிடம் எதையும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. ஆங்கிலம் அறியாத அவர்களுக்கு அந்த எண்கள் மட்டும் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

உம்மும்மாவின் குரலைப் பற்றியும் வாசகர்கள் கேட்கக்கூடும். கேசட்டுகளிலிருந்து ஆறு பாட்டுகளைக் காக்கா அவர்கள் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்த ஆறுக்கும் உரிய கோப்புகள் கேஷில் இருந்தன. பேரன் ஆவலோடு திறந்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு வரி. அந்நாளைய ரியல்பிளேயர் முறையில் ஒலி, ஓடை போல் ஓடிவந்து ஓடியபடியே கரைந்துவிடும். வட்டில் தங்குவது, ஒலி இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரி மட்டுமே. அந்த முகவரியில் இப்போது எதுவும் இல்லை.

19 பக்கங்களையும் தாளில் அச்சிட்டு லாத்தாவிடம் கொடுத்திருக்கிறோம். ஹாங்காங்கில் காக்காவோடு தொழில் செய்த உறவினர் ஒருவரின் வீட்டில் பழைய கணினி இரண்டு கிடப்பதாகத் தகவல் வந்துள்ளது. வன்தட்டுகளை மட்டும் கழற்றி, வருகிறவர் கையில் கொடுத்தனுப்புமாறும், மறந்தும் அவற்றை இயக்கிப் பார்க்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறோம். இதற்கிடையில், ஏழாவது தாலாட்டில் ஓர் அடி குறைகிறது என்று லாத்தா சொல்கிறார்கள். எந்த அடி என்று சொல்லத் தெரியவில்லை. பாடினால்தான் வரும் என்கிறார்கள். பேரன் கைப்பேசியை அருகில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.