"அடுத்த வண்டியில வாங்க!"

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் மூன்று முறை வகுப்புக்கே வந்துவிட்டார். "கவிதை வேணாம்டா சாமி! நாற்பது வந்திருக்கு. அதுல முப்பத்தெட்டு காதல். நீ உரைநடையா ஏதாவது எழுது" என்றார். எனக்கு உரைநடையும் வராது. தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான், பஸ். என் அப்பா மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். எனவே நண்பர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா பற்றி எழுதினால் "இன்னுமாடா அதை விடல?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் நம்மில் பாதிப் பேர் அந்த இரண்டு வருடத்தை வீட்டில் போனைப் பார்த்தே கழித்தோம். ஆன்லைன் கிளாஸ் என்று சொல்லிவிட்டு என்ன பார்த்தோம் என்பது வேறு கதை. வெளியே போக வேண்டியவர்கள் எப்படிப் போனார்கள்? எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்பா. இன்னொருவன் அண்ணன். அவனும் நம் பாலிடெக்னிக்தான். 2019-ல் டிப்ளமா முடித்து, கிண்டி எஸ்டேட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லேத் மிஷினில் நின்றான். லேத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' செய்ய முடியாது அல்லவா!

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. அதோடு மின்சார ரயில் நின்றது. 24-ஆம் தேதி மாலை ஆறு மணியோடு பஸ்ஸும் நின்றது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ரயில் சத்தம் கேட்கும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் அது கேட்கிறது என்றே எனக்குத் தெரியாது. நின்ற பிறகுதான் தெரிந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்த 2004-லும் அந்த வழி அடைபடவில்லை. அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் ஆரம்பித்த காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். ஒரு நோயால் பெயர் வாங்கிய ஸ்டேஷன் இன்னொரு நோயால் ஆளில்லாமல் கிடந்தது. இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் வகுப்புக்குப் போகிற வயசு.

அப்பாவுக்கு ஊரடங்கிலும் டூட்டி உண்டு. ஆஸ்பத்திரி ஊழியர்கள், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் இவர்களுக்கு மட்டும் தனியாக வண்டிகள் ஓடின. வீட்டுக்கு வந்ததும் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். யூனிஃபார்மை அம்மா சுடுதண்ணியில் முக்கி வைப்பாள். ஒரு நாள் பையைத் தொடப் போன என்னை அப்பா போட்ட அதட்டலில் நான் அழுதேவிட்டேன்.

செப்டம்பர் 1-ஆம் தேதி சென்னையில் பஸ் மீண்டும் ஓடியது. கதை இங்கேதான் ஆரம்பம். ஏனென்றால் ரயில் ஓடவில்லை! ஜி.எஸ்.டி. ரோட்டை நினைத்துப் பாருங்கள். பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஜனம் முழுக்க ரயிலை நம்பி வீடு கட்டின ஜனம். அந்த ரயில் கூட்டமும் சேர்ந்து பஸ் ஸ்டாப்பில் நின்றது. பஸ்ஸிலோ சீட்டுக்குச் சீட்டு இடைவெளி. குறி போட்ட சீட்டில் உட்காரக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போடுகிறேன். டிப்ளமா படித்த பாவத்துக்கு இதையாவது செய்ய வேண்டாமா? இது உதாரணக் கணக்குதான், எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. ஒரு ஸ்டாப்புக்கு மணிக்கு 12 வண்டி வருகிறது. ஒவ்வொன்றிலும் உட்கார 44, நிற்க 26, ஆக 70 பேர். மொத்தம் 840. இப்போது வண்டியைப் பாதியாக்கு. 6. நிற்கக் கூடாது, பாதி சீட்தான் என்று சொல். 22. பெருக்கினால் 132. பாதி சர்வீஸ் என்று பெயர், கிடைப்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை! சரி, முக்கால்வாசிப் பேர் வீட்டில் இருக்கிறார்களே என்பீர்கள். மூன்றில் ஒரு பங்கு ஆள்தான் வெளியே வந்தார்கள் என்று வைத்தாலும் 280. அதில் 132 போனால் மீதி 148 பேர் எங்கே? ஸ்டாப்பில். முட்டி மோதிக்கொண்டு. வண்டிக்குள்ளே மட்டும் ஆறடி இடைவெளி!

அப்பாவிடம் இந்தக் கணக்கை அண்ணன் அப்போதே காட்டினான். "கூட்டம் சேரக் கூடாதுன்னா வண்டியை அதிகம் விடணும்பா. குறைச்சா எப்படி?"

அப்பா சாதம் பிசைந்துகொண்டே சொன்னார்: "வண்டி நிக்கும்டா. ஆளு?"

அது உண்மை. அந்தக் கணக்கில் அண்ணன் டிரைவரையும் கண்டக்டரையும் போடவில்லை. லண்டனிலேயே 2020 மார்ச்சில் சுரங்க ரயில் ஸ்டேஷன்களை நாற்பது வரை மூடி சர்வீஸைக் குறைத்தார்கள். ஓடின ரயிலில் காலையில் ஜனம் நெருக்கியடித்து நின்ற போட்டோ உலகமெல்லாம் வந்தது. கூட்டினால் என்ன என்று கேட்டால், ஊழியர்களில் ஏராளமான பேர் நோயிலும் தனிமையிலும் இருக்கிறார்கள் என்றார்கள். அங்கே பஸ் டிரைவர்கள் பலர் இறந்தும் போனார்கள். ஓட்டுகிறவனுக்கும் மூச்சு உண்டு.

ரயில் எல்லோருக்கும் திறந்தது 2020 டிசம்பர் 23-ல். ஆனால் ஒரு நிபந்தனை. பெண்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆண்கள் மட்டும் காலை 7 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7 வரையும் ஏறக் கூடாது. பீக் அவர் கூட்டத்தைக் கலைக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பம்பாயிலும் 2021 பிப்ரவரி 1 முதல் இப்படித்தான், காலை 7-க்கு முன், பகல் 12 முதல் 4, இரவு 9-க்கு மேல் என்று பொதுமக்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். ஆபீசுக்குப் பத்தரை மணிக்குப் போகிறவருக்கு இது சௌகரியம். ஆனால் ஒர்க்‌ஷாப் எட்டரைக்கு ஆரம்பித்தால்?

அண்ணன் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பான். ஆறு நாற்பது வாக்கில் தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஏழு மணி சுமாருக்குக் கிண்டி. ஒர்க்‌ஷாப் ஷட்டர் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். அஞ்சரைக்கு வேலை முடிந்தால் ஏழு வரைக்கும் ஸ்டேஷனுக்கு வெளியே காத்திருப்பான். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மாதம் 25 நாள், 75 மணி நேரம். அஞ்சு ரூபாய் டிக்கெட்டுக்கு! அந்த ஏழு மணிக்கு முந்தின ரயிலில் இவனைப் போலவே பெயின்டர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ஓட்டல் வேலைக்காரர் எல்லோரும் இருப்பார்களாம். "கூட்டம் குறையலடா. ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்து நிக்குது, அவ்வளவுதான்" என்பான்.

டீக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து பழக்கமாகி, நாளைக்கு ஆறு டீ. அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

சில நாள் பொறுமை இல்லாமல் மாலையில் பஸ் பிடிப்பான். 2021 ஏப்ரல் 10-லிருந்து பஸ்ஸில் நின்று போகத் தடை வந்தது. சீட் இருந்தால்தான் ஏற்ற வேண்டும். அந்த மாதம் மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், இரவு ஊரடங்கும் வந்த சமயம். கிண்டி ஸ்டாப்பில் அண்ணன் ஆறு மணிக்கு நிற்கிறான். இரண்டு வண்டி நிற்காமல் போய்விட்டது. மூன்றாவது வண்டி நின்றது. படியில் எங்கப்பா!

இந்தக் காட்சியை அண்ணன் ஒரு விதமாகச் சொல்வான், அப்பா ஒரு விதமாகச் சொல்வார். பொதுவாக ஒத்துப்போகிறது இதுதான்: இரண்டு பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். மூன்றாவதாக அண்ணன் படியில் கால் வைத்தான். அவனுக்குப் பின்னால் கையில் கூடையோடு ஒரு அம்மா. அப்பா கையைக் குறுக்கே நீட்டினார். "சீட் இல்ல. அடுத்த வண்டியில வாங்க."

'வாங்க' என்றாராம். பெற்ற மகனை!

விசில் அடித்தார். வண்டி போய்விட்டது.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது. அப்பா டூட்டி முடிந்து அவனுக்குப் பிறகு வந்தார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. அண்ணன்தான் ஆரம்பித்தான்.

"ஒரு ஆளுப்பா. ஒரே ஒரு ஆளு. நான் எஞ்சின் பக்கத்துல ஓரமா நின்னிருப்பேன்."

"உன்னை ஏத்தியிருப்பேன். பின்னாடி நின்ன அந்தம்மாவை என்ன சொல்லி இறக்கறது? அதுக்கும் பின்னாடி இருபது பேரு என் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கிறான்."

"அந்தம்மாவையும்தான் ஏத்துங்களேன்!"

"உள்ள உக்காந்திருக்கிற நாப்பது பேரு?"

"அப்ப எனக்கு வழி?"

அப்பா பதில் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "ஒரு டிரிப்புக்கு நூறு பேருக்கு இல்லன்னு சொல்றேன்டா. இருபத்தஞ்சு வருஷமா 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்தின வாய் இது" என்றார். அம்மா ரசத்தை ஊற்றினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் இருவரும் பத்துப் பதினைந்து நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான்தான் தந்தி ஆபீஸ்.

யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. எத்தனை வண்டி, எத்தனை சீட், எத்தனை மணி என்று தாளில் எழுதுவது ஒரு இடம். அதைப் படியில் நின்று ஒரு மனுஷன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்வது இன்னொரு இடம். தாளில் 132 என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்! அந்த 148 பேரிடம் 'இல்லை' என்று சொல்கிற வேலை எங்கப்பாவுடையது. ராத்திரி அவர் தூக்கத்தில் "அடுத்த வண்டி, அடுத்த வண்டி" என்று முனகியதை நான் கேட்டிருக்கிறேன்.

2021 மே 8-ஆம் தேதி சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. அப்பா இரண்டே நாள் அப்படிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார். 10-ஆம் தேதி முழு ஊரடங்கு, பஸ் நின்றுவிட்டது. அந்த மாதம்தான் அப்பாவோடு அதிகம் டூட்டி பார்த்த டிரைவர் மாமா கொரோனாவில் போய்விட்டார். எனக்குப் பல்லி மிட்டாய் வாங்கித் தந்தவர். அப்பா சுடுகாட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. மாடியில் போய் நின்றார். அண்ணன் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றான். அப்போதுதான் இருவரும் பேச ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை மேலே விடவில்லை.

ஜூன் 21-ல் பாதி சீட்டோடு பஸ் திரும்ப வந்தது. சில நாளில் ரயிலும், அதே நேரக் கட்டுப்பாட்டோடு. அண்ணன் காத்திருக்கவில்லை. வட்டிக்கு வாங்கி, ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் எடுத்துவிட்டான். நவம்பரில் ஆண்களுக்கும் எல்லா நேரமும் ரயில் என்று ஆனபோது பைக்குக்கு அஞ்சாவது தவணை கட்டிக்கொண்டிருந்தான். 2022 ஜனவரியில் இரண்டு ஊசி போட்ட சர்டிபிகேட் காட்டினால்தான் ரயில் டிக்கெட் என்று கொஞ்ச நாள் இருந்தது. அதெல்லாம் அவனுக்கு வெறும் செய்தி. அவனோடு ஏழு மணிக்கு முந்தின ரயிலில் வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது பைக்தானாம். காலையில் பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டு நீங்கள் லேட்டாக வகுப்புக்கு வரும்போது, ஜி.எஸ்.டி. ரோட்டில் உங்கள் முன்னால் புகை விடுகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

அப்பா போன மாதம் ரிட்டயர் ஆனார். கடைசி நாள் மாலை டிரிப். சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் பைக்கை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டுக் கிண்டி ஸ்டாப்பில் போய் நின்றான். அப்பா வண்டி வந்தது. நல்ல கூட்டம், படி வரைக்கும். ஏறினான். அப்பா ஒன்றும் பேசவில்லையாம். "டிக்கெட்" என்று கையை நீட்டினாராம். காசை வாங்கி, கிழித்துக் கொடுத்து, மீதிச் சில்லறையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, "உள்ள போ, உள்ள போ, எல்லாரும் உள்ள போங்க!" என்று கத்தினாராம். குரோம்பேட்டையில் சீட் காலியாகியும் இவன் தாம்பரம் வரைக்கும் நின்றே வந்தான்.

அந்த டிக்கெட் இப்போது அண்ணன் பர்ஸில் இருக்கிறது.

மறுநாள் காலை பைக்கை எடுக்க அவன் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தான். நான்கு வருடத்துக்கு மேல் ஆயிற்று அவன் ரயில் ஏறி. மணி ஏழே முக்கால். டிக்கெட் கவுண்டர் முன்னால் திடீரென்று நின்றுவிட்டான். "டேய், பீக் அவர்ல விடுவாங்களாடா?" என்று கேட்டான். சிரிப்பான் என்று பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டிருக்கிறான்.