இரு கணிப்பொறிகளும் ஒரு கம்பியும்

2009-ஆம் ஆண்டு ரமலான் மாதம். சென்னையில் நான் பணியாற்றிய அலுவலகத்தில், காமிராவின் படத்தைக் கணிப்பொறித் திரைக்குக் கொணரும் அட்டை ஒன்றிற்கு டிரைவர் எனப்படும் இயக்கு நிரலை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. சில மணி நேரம் செவ்வையாக ஓடும். பின்னர் திரை அசைவற்று நிற்கும். விசைப்பலகையை எவ்வளவு தட்டினாலும் மறுமொழி இராது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கினாலோ, பிழையின் தடயமும் நினைவகத்தோடு அழிந்து போகும். பத்து நாட்கள் இவ்வாறே கழிந்தன.

"தன் நோயைத் தானே சொல்ல இயலாத நோயாளி இது. இன்னொரு கணிப்பொறியைத் துணைக்கு வையுங்கள்" என்றார், உடன் பணிபுரிந்த மூத்த நண்பர்.

திரை, விசைப்பலகை, வலைப்பின்னல் ஆகிய அனைத்தையும் ஆள்வது கெர்னல் என்னும் மைய நிரல். அதனுள் சிக்கல் நேர்ந்தால் அந்தக் கணிப்பொறியைக் கொண்டே அதை ஆராய்வது அரிது. ஆனால் சீரியல் போர்ட் எனப்படும் ஒன்பது முனை வாயில் மிக எளியது. 1960-ஆம் ஆண்டில் ஆர்.எஸ்-232 என்று வகுக்கப்பட்ட முறையைச் சார்ந்தது. பிற உறுப்புகளின் தயவின்றி, ஒவ்வோர் எழுத்தாக அதன் வழியே செய்தி அனுப்ப இயலும். 2008-ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலின் 2.6.26 பதிப்பில் சேர்க்கப்பட்ட கே.ஜி.டி.பி. என்னும் பிழையறி கருவி, இவ்வெளிமையைப் பற்றிக்கொண்டே பணி செய்கிறது.

கம்பியை இணைத்தேன், ஓர் எழுத்தும் வரவில்லை. நண்பர் பார்த்துவிட்டு நகைத்தார். கணிப்பொறியில் மூன்றாம் முனை பேசும் வாய். இரண்டாம் முனை கேட்கும் செவி. ஐந்தாவது இருவருக்கும் பொதுவான தரை. நான் நேர்க்கம்பியைப் பொருத்தி, வாயை வாயோடும் செவியைச் செவியோடும் சேர்த்திருந்தேன். இரண்டும் மூன்றும் குறுக்காக மாறிச் செல்லும் கம்பியே இதற்கு வேண்டும். அதை மாற்றியதும் எழுத்துகள் வந்தன. ஆயினும் பொருளற்ற குறிகளாக வந்தன. இரு பக்கமும் வேகம் ஒத்திருக்கவில்லை. இரண்டிலும் விநாடிக்கு 1,15,200 பிட்டுகள் என அமைத்தபின் பேச்சு தெளிந்தது. ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள் செலவாவதால், விநாடிக்கு 11,520 எழுத்துகள். இன்றைய கணக்கில் இது நத்தையின் வேகமே. எனினும் நோயாளியின் நாடியைப் பார்க்க அதுவே போதுமானதாயிற்று.

அன்றிரவு தராவீஹ் முடிந்து அலுவலகம் திரும்பியபோது திரை உறைந்து நின்றது. துணைக் கணிப்பொறியிலிருந்து கம்பி வழியே குறிப்பு அனுப்பினேன். நோயுற்ற கணிப்பொறி அப்படியே நின்று, என் வினாக்களுக்கு விடையளிக்கத் தொடங்கியது. அதனுள் இயங்கிய பணிகளை ஒவ்வொன்றாக விசாரித்தேன். இரு பணிகள் அகப்பட்டன. முதற்பணி ஒரு பூட்டைக் கைப்பற்றிக்கொண்டு, இரண்டாவதின் கையிலிருந்த பூட்டுக்காகக் காத்து நின்றது. இரண்டாவதோ தன் பூட்டை விடாமல், முதற்பணியின் பூட்டுக்காகக் காத்து நின்றது. எதுவும் தவறான கணக்கைப் போடவில்லை. எதுவும் முதலில் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவே. அதனால் கணிப்பொறி முழுவதும் பயனற்றுப் போயிருந்தது.

திரையைப் பார்த்தபடி வெகுநேரம் அமர்ந்திருந்தேன். வாப்பா மவுத்தாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. வீட்டுப் பத்திரம் ஊரில் என் காக்காவிடம் இருந்தது. பாகப் பிரிவினைத் தாளில் என் கையொப்பம் விழுந்தால்தான் பத்திரத்தைக் காட்டுவேன் என்றார் அவர். பத்திரத்தைக் கண்ணால் கண்டால்தான் கையொப்பமிடுவேன் என்றேன் நான். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இரு பெருநாட்கள் சலாம்கூட இன்றிக் கழிந்தன. இடையில் உம்மா மட்டும் இரு வீட்டிற்கும் நடந்து இளைத்தார்கள்.

நிரலைத் திருத்துவது எளிதாயிற்று. இரு பணிகளும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுக்குமாறு மாற்றினேன். அதன்பின் அது உறையவில்லை. மனிதரைத் திருத்த அத்தகைய வரிசை ஒன்று ஏற்கெனவே நமக்கு வகுத்துத் தரப்பட்டிருக்கிறது. சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது ஆகுமானதன்று என்றும், இருவரில் முதலில் சலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். சிறுவயதில் மதரஸாவில் ஓதியதுதான். உணர்வதற்கு ஒரு கம்பி தேவைப்பட்டது.

ஸஹர் முடிந்ததும் தொலைபேசியை எடுத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா. தாளில் கையொப்பமிட்டு இன்று அனுப்புகிறேன்."

மறுமுனையில் நீண்ட மௌனம். இணைப்பு அறுந்ததோ என அஞ்சினேன். பின்னர் தழுதழுத்த குரல் வந்தது.

"வ அலைக்குமுஸ் ஸலாம். பெருநாளைக்கு வருவியா தம்பி? உம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த ஒன்பது முனை வாயில் இல்லை. வலைப்பின்னல் கம்பி போன்ற வேறு வழிகளும் வந்துவிட்டன. ஆயினும் அப்பழைய கம்பியை நான் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். உறைந்து நிற்பது எதுவாயினும் ஒருவர் முந்தி நீட்டும் இணைப்பிலேயே அதன் விடுதலை இருக்கிறது. முந்திச் சலாம் சொல்லும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.