லெய்டன் நகரில் இரு நாட்கள்

தமிழ் பயில்வோர்க்கு லெய்டன் என்னும் பெயர் புதிதன்று. சோழர் செப்பேடுகள் இரு தொகுதி அந்நகரின் பெயராலேயே வழங்கி வருகின்றன. 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நண்பர் சிலருடன் ஒல்லாந்து தேசத்து அந்நகரை நேரிற் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று.

யாம் சென்றடைந்த நாள் அக்டோபர் 3. அந்நகரத்தார்க்கு அதனினும் பெரிய திருநாள் இல்லை. 1574ஆம் ஆண்டில் ஸ்பானியர் படை நகரை வளைத்துக் கிடந்தது. பசியாலும் கொள்ளைநோயாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒல்லாந்தர் தம் கரைகளைத் தாமே வெட்டி, வயல்களின்மேற் புனலை ஏற்றி, அதன்மீது படகு செலுத்தி வந்து, அந்நாளில் நகரை மீட்டனர். பசித்தோர்க்கு முதலிற் கிடைத்த ஹெர்ரிங் மீனும் வெண்ரொட்டியும் இன்றும் அந்நாளிற் பங்கிடப்படுகின்றன. பகைவர் விட்டோடிய பாசறையில் ஒரு சிறுவன் கண்டெடுத்தான் என்னும் கறியை, காரட்டும் வெங்காயமும் இறைச்சியும் கலந்து, வீடுதோறும் சமைக்கின்றனர். காரமற்ற அக்கறி எம் நாவிற்கு ஒவ்வவில்லை. ஆயினும், 450 ஆண்டுகட்கு முற்பட்ட பட்டினியை நினைந்து விருந்துண்ணும் நகரத்தை யாம் வேறெங்கும் கண்டதில்லை. வீதியெங்கும் வாத்திய முழக்கம், இராட்டினங்கள், மாணாக்கர் கூட்டம். கால் வைக்க இடமில்லை.

முற்றுகை நீங்கிய மறு ஆண்டே, 1575இல், ஆரஞ்சு இளவரசர் வில்லியம் ஆங்கொரு சர்வகலாசாலையை நிறுவினார். வரிவிலக்கு வேண்டுமோ கலாசாலை வேண்டுமோ என்று அவர் வினவ, நகரத்தார் கலாசாலையையே வேண்டினர் என்றொரு கதையுண்டு. வரலாற்றாசிரியர் இதனை ஐயுறுவர். மாணாக்கராகிய யாமோ நம்பவே விரும்பினோம்.

ராப்பன்பர்க் என்னும் கால்வாயின் கரையில், முன்னாளிற் கன்னிமாடத்துக் கோயிலாயிருந்த கட்டிடமே அச்சர்வகலாசாலையின் தலைமை இல்லம். தேர்வின் முடிவை எதிர்நோக்கி மாணாக்கர் அமர்ந்திருக்கும் சிற்றறை ஒன்று அதன்கண் உளது. அதற்கு வியர்வை அறை என்று பெயர்! தேறியோர் அதன் சுவரிற் கையொப்பமிடுவர்.

அவ்வில்லத்திலேதான், 1940ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், கிளெவரிங்கா என்னும் சட்டப் பேராசிரியர் எழுந்து நின்றார். நாட்டைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியர், மேயர்ஸ் முதலான யூத ஆசிரியரைப் பதவியினின்றும் நீக்கியிருந்தனர். மேயர்ஸ் தம் ஆசான். அவரது புலமையின் பெருமையை அவையறிய எடுத்துரைத்தார் கிளெவரிங்கா. மாணாக்கர் வகுப்புகளை விட்டு வெளியேறினர். சர்வகலாசாலை மூடப்பட்டது, பேராசிரியர் சிறை புகுந்தார். எம் வயதொத்த இளைஞர் அன்று செய்ததனை எண்ணியபொழுது எமக்குப் பேச்செழவில்லை.

நகரில் வேறொரு புதுமையுமுண்டு. 1992 முதலாகப் பன்மொழிக் கவிதைகளை வீட்டுச் சுவர்களிற் பேரெழுத்தில் தீட்டி வருகின்றனர். ருஷிய மொழிப் பாட்டு ருஷிய எழுத்திலேயே நிற்கின்றது. ஜப்பானியப் பாட்டு ஜப்பானிய எழுத்திலே. பொருளறியாமலே பலவற்றின் முன்னர் நெடுநேரம் நின்றோம்.

தொல்பொருட் காட்சிசாலையின் கூடத்தில் எகிப்திலிருந்து கொணர்ந்த தஃபே என்னும் கற்கோயில் முழுதாக எழுந்து நிற்கின்றது. நைல் நதியில் அசுவான் அணை எழுந்தபோது, மூழ்கவிருந்த சின்னங்களைக் காக்கத் துணைநின்றமைக்காக 1969இல் எகிப்து அரசு உவந்தளித்த கொடை அது. உடையவரே மனமுவந்து கொடுத்ததாதலின், அதனை ஆங்குக் காண்பதில் எமக்கு வருத்தமில்லை.

செப்பேடுகளின் செய்தி அத்தகையதன்று. சைவனாகிய இராசராச சோழன், கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். பிற சமயத்தார்க்கு அளித்த அக்கொடையை 21 ஏடுகள் உரைக்கின்றன. இராசேந்திரனது முத்திரை பொறித்த வளையம் அவற்றைப் பிணைக்கின்றது. முதற் குலோத்துங்கன் காலத்து ஏடுகள் 3. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தர் கையிலிருந்தது. ஏடுகள் 1862இல் லெய்டன் சர்வகலாசாலை நூலகத்தை அடைந்தன. அவற்றைக் கொடுத்துவிட நாகப்பட்டினத்தார் இசைந்தனரென்று யாம் எந்நூலிலும் படித்திலோம்.

மறுநாள் அந்நூலகத்தின் வாயில்வரை சென்றோம். ஏடுகள் அப்பொழுது காட்சிக்கு வையாமற் காப்பறையில் இருந்தன; யாம் கண்டிலோம். மாணாக்கர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே புகுவதும் வெளிவருவதுமாயிருந்தனர். கல்லூரிக்கு மீண்டபின், எம் குறிப்பேட்டில் லெய்டன் செப்பேடுகள் என்றிருந்த இடமெல்லாம் அடித்துவிட்டு, ஆனைமங்கலச் செப்பேடுகள் என்று எழுதினோம்.