கொட்டகையில் ஒரு தச்சுப்பட்டறை

நாட்றாம்பாளையத்தில் எமது இல்லத்தின் புறத்தே 16 அடி நீளமும் 10 அடி அகலமும் உடைய கொட்டகை ஒன்று உளது. அதில் தந்தையாரின் மோட்டார் வண்டி ஒருபுறமும், சிறிய தந்தையாரின் கேழ்வரகு மூட்டைகள் மறுபுறமும் இருக்கும். எஞ்சிய இடத்தே யாமும் எம் தமையனாரும் தச்சுப்பட்டறை அமைக்கத் துணிந்தோம்.

முதற்கண் மரம் வேண்டுமன்றோ? கற்றோர்க்கு எங்கும் வாழ்வுண்டு என்பதற்குக் கோடரியுடன் காடுபுகும் தச்சன் சிறாரைப் புறநானூற்றில் உவமை கூறினார் ஔவையார். அவரைப் புரந்த அதியமானின் தகடூரே இன்றைய தருமபுரி. 2004 வரை எம்மூரும் அம்மாவட்டத்ததே. ஆயினும் அச்சிறார்க்குத் திறந்த காடு எமக்குத் திறந்ததன்று. இப்பகுதிக் காடுகள் பல 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயின. எனவே, காய்ப்பு ஓய்ந்து வெட்டப்பட்ட தோப்பு மாமரத்தையே வாங்கினோம். மாம்பலகை பூச்சிக்கு எளிதில் இரையாகும். ஆதலின் இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி, அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்னும் பழங்கணக்கின்படி நிழலில் உலர்த்தினோம். வேலை மேசையைக் கீல்களாற் சுவரிற் பொருத்தினோம். அது மடங்கினால் வண்டி நுழையும்.

இடர் தூளால் வந்தது. கேழ்வரகிற் படியுமாயின் பட்டறையை எடுத்துவிடுக என்றனர் சிறிய தந்தையார். அவர் கூற்று நேரிது. மரத்தூளைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் 1995-இல் வெளியிட்டது. அதன்பின் அறுத்தலையும் தேய்த்தலையும் வாயிற்புறத்தே வைத்துக்கொண்டோம், முகத்தை மூடினோம், இழைத்தலும் துளையிடுதலுமே உள்ளே நிகழ்ந்தன.

பட்டறையில் முதலில் முற்றுப்பெற்றது, இறுக மூடும் ஒரு பெட்டி. இன்று கேழ்வரகு அதனுள்ளே இருக்கின்றது. பட்டறையும் அங்கேயே இருக்கின்றது.