ஆய்வும் அவதூறும்

1995இல் ஒக்லஹோமா நகரில் குண்டுவைத்து 168 பேரைக் கொன்ற திமோதி மக்வே, வளைகுடாப் போரிற் பங்குபற்றிய அமெரிக்கப் படைவீரன். போர்முனையிலிருந்து மீளும் வீரர்களைத் தீவிர வலதுசாரிகள் தம்பால் ஈர்க்க முயலக்கூடும் என, 2009இல் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வறிக்கையொன்று எச்சரித்தது. படைவீரரை இழிவுபடுத்தியதாகக் கண்டனம் எழவே, செயலாளர் ஜனெற் நபோலிற்றானோ மன்னிப்புக் கோரினார், அறிக்கை மீளப்பெறப்பட்டது, அதனை ஆக்கிய ஆய்வுக்குழுவும் கலைந்தது.

2012இல் விஸ்கொன்சின் மாநிலச் சீக்கிய ஆலயமொன்றில் அறுவரைச் சுட்டுக்கொன்ற வெள்ளையின மேலாதிக்கவாதியும் முன்னாள் படைவீரனே.

அறிக்கை நிலைத்திருப்பின் அவ்வறுவரும் பிழைத்திருப்பர் என எவராலும் நிறுவவியலாது. சிலர் குற்றத்தைப் பலர்மீது சுமத்தலாகாது என்ற வாதமும் நியாயமானதே. ஆயினும், எவர் குறிவைக்கப்படுகின்றனர் என வினவுதல் அவரைக் குற்றஞ்சாட்டுவதன்று. அவ்வினாவை அடக்கியமையால் வீரர்களின் மானம் காக்கப்படவில்லை. அவர்களுக்கு வலைவிரித்தோரே மறைக்கப்பட்டனர்.