டீசல் ஒழுகிய இடமும் ஓட்டை பிறந்த இடமும்

சேதுபாவாசத்திரம் கரையில் கிடக்கும் என் சித்தப்பாவின் ஃபைபர் வள்ளத்தில் ஒரு பருவம் முழுக்க டீசல் வாடை போகவே இல்லை. எஞ்சின் வைத்த வள்ளத்தில் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும். இங்கேயோ அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்து ஊற்றும்போதெல்லாம் கடலின்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிந்தது. வலையில் டீசல் ஏறினால் மீனிலும் ஏறும். ஏலத்தில் விலை விழும். எனக்கு அதைவிட உறுத்தியது அந்தக் கடல்தான். பாக் விரிகுடாவின் கடல்புல் வெளி அது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா எனும் அந்தக் கடற்பசு மேயும் புல்லின்மேல் நாங்கள் டீசலை இறைத்துக்கொண்டிருந்தோம்.

ஓஸ் மாற்றியாயிற்று. கிளிப்பை முறுக்கியாயிற்று. டேங்கின் மூலையில் எம்-சீல் அப்பியாயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இரும்பில் எம்-சீல் ஒட்டாது; காய்ந்ததும் பொரிந்து விழுந்தது. “இன்னொரு தடவ நல்லா அப்பிப் பாப்போம் தம்பி” என்றார் சித்தப்பா. “எங்கேருந்து வருதுன்னு தெரியாம எதைச் சித்தப்பா அடைக்கிறது?” என்று கேட்டேன். தேடல் அங்கேதான் தொடங்கியது.

டீசல் ஒழுகும் இடம் ஒன்றாகவும் நனைந்து தெரியும் இடம் இன்னொன்றாகவும் இருக்கும். தகட்டைப் பற்றிக்கொண்டே ஊர்ந்துபோய், தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். அதனால் சொட்டைப் பார்த்து ஓட்டையைச் சொல்ல முடியாது. எப்போது ஒழுகுகிறது என்று பார்ப்பதே முதல் வேலை. டேங்கை நிரப்பிய அன்று மட்டும் ஒழுகினால், டீசல் ஊற்றும் வாயிலோ அதிலிருந்து இறங்கும் ஓஸிலோ குறை. எஞ்சின் ஓடும்போது மட்டும் என்றால், எஞ்சினிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயைப் பார்க்க வேண்டும். கரையில் சும்மா கிடக்கும்போதும், டேங்கில் கால்வாசி டீசல் இருக்கும்போதும் ஒழுகினால் அடித்தகடு போய்விட்டது. எங்கள் வள்ளம் மூன்றாவது வகை.

உறுதிசெய்ய டேங்கின் வெளிப்புறம் முழுக்கத் துடைத்துக் காயவிட்டு, பற்றவைப்பு ஓரங்களிலும் குழாய் இணைப்புகளிலும் சாக்பீஸ் தூளைத் தூவினோம். தூள் முதலில் எங்கே நிறம் மாறுகிறதோ அங்கேதான் ஊற்று. வள்ளத்தின் பின்புறமான அமரத்துப் பக்கம், டேங்க் உட்கார்ந்திருந்த மரக்கட்டையை ஒட்டிய மூலையில் மாறியது.

டேங்கைக் கழற்றி வெளியே எடுத்தோம். எம்.எஸ். இரும்புத் தகட்டில் செய்த பெட்டி. மரக்கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே யாரோ சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். ஆட்டத்தில் தகடு தேயக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் சாக்கு உப்புத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயாமலே கிடந்திருக்கிறது. அது பட்ட இடமெல்லாம் துரு ஏடு ஏடாக உரிந்தது. குற்றவாளி சாக்குதான் என்று கரையில் நின்ற எல்லாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நானும் ஏறத்தாழ அதை நம்பினேன்.

ஓட்டை எங்கே என்று காண டேங்கில் தண்ணீர் நிரப்பி, மற்ற வாய்களை அடைத்து, ஒரு வாயில் மட்டும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, அதை உயரப் பிடித்து அதிலும் தண்ணீர் ஊற்றினோம். 2 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும், சின்னப் படகின் டேங்கைச் சோதிக்க அது போதும். காற்று பம்பை வைத்து அடிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் கூடிவிட்டால் தட்டைத் தகடு புடைத்துப் பற்றவைப்பு விட்டுவிடும். தண்ணீரில் அந்த ஆபத்து குறைவு.

தண்ணீர் நூலாக வந்த இடத்தைச் சுற்றித் தகட்டை வெட்டி எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் சாக்கின்மேல் இருந்த சந்தேகம் விலகியது. வெளிப்பக்கம் ஓட்டை ஊசிமுனை அளவு. உள்பக்கம் அதன் வாய் மிளகு அளவுக்கு அகன்றிருந்தது. பக்கத்தில் இன்னும் ஊடுருவாத குழிகள் பல. எல்லாம் உள்ளிருந்து வெளியே தோண்டியவை. சாக்கு வெளித்தகட்டை மெலியவைத்தது உண்மை. ஓட்டையைப் போட்டது உள்ளே இருந்த ஏதோ ஒன்று.

உள்ளே, அந்த மூலையில், கறுத்த கொழகொழப்பான படலம் ஒட்டிக் கிடந்தது. டீசல் கசடு என்றார் டேங்க் செய்பவர். தஞ்சாவூரில் விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டினேன். விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது கசடு இல்ல தம்பி, வளர்ந்தது. நாங்க இதுக்காகவே டேங்க்கோட அடித்தண்ணிய எடுத்துப் பாப்போம்” என்றார்.

அவர் சொன்ன நூலைப் பிடித்துக்கொண்டு படித்தேன். 1950களிலும் 60களிலும் ஜெட் விமானங்களின் டேங்குகளில் இதே படலம் வளர்ந்து வடிகட்டிகளை அடைத்து, அலுமினியத் தகட்டையும் அரித்திருக்கிறது. முக்கியக் காரணம் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே அதற்குப் பட்டப்பெயர். அதற்கும் முன்பு அது அறியப்பட்டது கிரியோசோட் பூசிய மரங்களில். ரயில் கட்டைகளும் கம்பங்களும் மக்கிப்போகாமல் இருக்கப் பூசும் நிலக்கரித் தாரெண்ணெய்தான் கிரியோசோட். மற்றப் பூஞ்சைகளைத் தடுக்கும் மருந்தில் இது வாழ்ந்திருக்கிறது! படித்தபோது வியப்பு அடங்கவில்லை.

இந்தப் பூஞ்சை டீசலுக்குள் வாழ்வதில்லை. தண்ணீரில் இருந்துகொண்டு டீசலைத் தின்கிறது. டீசலைவிடத் தண்ணீர் கனம். டேங்கின் அடியில் போய்ப் படுக்கும். இரண்டும் சந்திக்கும் பரப்பில் படலம் வளர்ந்து அமிலங்களை வெளிவிடுகிறது. படலத்துக்கு அடியில் பிராணவாயு நுழையாத இடத்தில் பாக்டீரியாக்கள் குடியேறி இரும்பை இன்னும் குடைகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அவை வந்துவிட்டன என்று பொருள். 30 டிகிரி வெப்பம் இந்தப் பூஞ்சைக்கு மிக உகந்தது. பாக் விரிகுடாவில் அதற்குக் குறைவே இல்லை.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? வாடைக்காற்று மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும். டேங்கில் பாதி டீசல், மீதி ஈரக்காற்று. இரவுக் குளிரில் ஈரம் தகட்டில் வேர்த்து வடியும். டீசல் ஊற்றும் வாயின் மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, மழைநீரும் இறங்கியிருக்கிறது. அதோடு டீசல் வெளியேறும் குழாய் அடித்தகட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே சேர்ந்த தண்ணீருக்கு வெளியேற வழியே கிடையாது. கரையில் வள்ளம் சாய்ந்து கிடக்கும் பக்கமும் ஓட்டை விழுந்த மூலையும் ஒன்றே.

பழுது பார்த்தபோது அடித்தகட்டை முழுசாக மாற்றினோம். துத்தநாகம் பூசிய தகட்டில் செய்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். டீசலுக்கு அது ஆகாது. துத்தநாகத்தோடு சேர்ந்து டீசலில் பிசின்போன்ற கசடு உண்டாகி வடிகட்டியை அடைக்கும். சாதாரணத் தகடே போட்டு, தாழ்ந்த மூலையில் சின்னக் குழிவு விட்டு, தண்ணீரை வடிக்கத் தனிக் குழாய் வைத்தோம். சாக்குக்குப் பதிலாக நீர் உறிஞ்சாத கெட்டி ரப்பர் பட்டைகளை இடைவெளிவிட்டு ஒட்டினோம், அடியில் காற்று ஓடும்படி.

பற்றவைப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வடித்துவிட்ட டேங்க் காலி டேங்க் அல்ல. தகட்டிலும் மடிப்புகளிலும் ஒட்டிய டீசல் சூடு பட்டதும் ஆவியாகும். அந்த ஆவியும் காற்றும் அடைபட்ட பெட்டிக்குள் சேர்ந்தால் தீப்பொறி ஒன்று போதும். நிறைந்த டேங்கைவிட இதுவே ஆபத்து. சோப்பு கலந்த வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, எல்லா வாய்களையும் திறந்து வைத்து, பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வெல்டரைக் கைவைக்க விட்டோம். பெட்ரோல் டேங்காக இருந்தால் அதற்கும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். புதுசு வாங்கச் சொல்லியிருப்பேன்.

நடுக்கடலில் ஒழுகினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: துணிசோப்புக் கட்டியை ஓட்டையில் அழுத்தித் தேயுங்கள். டீசலில் சோப்பு கரையாது. கரை சேரும்வரை பிடிக்கும். கரைக்கு வந்ததும் டேங்கைக் கழற்றிவிடுங்கள்.

வள்ளம் வைத்திருக்கும் உறவுகளே, வாடை தொடங்குமுன் டேங்கில் விரிவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு டீசலை நிரப்பி வையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். தண்ணீரில் பட்டால் நிறம் மாறும் பசை பெட்ரோல் பங்கில் இருக்கும். குச்சியின் நுனியில் தடவி அடிவரை விட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றே அடித்தண்ணீரை ஒரு கேனில் வடித்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள், கடலில் ஊற்றாதீர்கள். கழுவாத டேங்கில் வெல்டிங் வைக்க யார் சொன்னாலும் விடாதீர்கள்.